ஐந்து மீட்டர் கார்: கிள்ளான் பள்ளத்தாக்கில் பெரிய செடான் வாங்க நினைப்பவர்களுக்கு

அமெரிக்கர்கள் ‘ஃபுல் சைஸ்’ என்று பெயர் வைத்த பெரிய செடான் கார், அமெரிக்காவிலேயே ஏறக்குறைய முடிந்துபோன கதை. கடைசி ஃபோர்டு கிரவுன் விக்டோரியா 2011 செப்டம்பர் 15 அன்று கனடாவின் செயின்ட் தாமஸ் ஆலையிலிருந்து வெளியே வந்தது. ஃபோர்டு டாரஸ் 2019இலும் செவர்லே இம்பாலா 2020இலும் நின்றன. கிரைஸ்லர் 300 மட்டும் இழுத்துப் பிடித்துக்கொண்டு 2023 டிசம்பர் வரை ஓடியது. கார்கள் நின்றாலும் அப்படிப்பட்ட காருக்கான ஆசை நிற்கவில்லை. கிள்ளானில் இருக்கும் ஒருவர், பிள்ளைகள் படித்து முடித்து வீட்டுக் கடனும் பாதி அடைந்த பிறகு, “இனியாவது ஒரு பெரிய காடி எடுக்கலாமே” என்று பேச்செடுத்தால் அவர் மனத்தில் இருப்பது அந்த ஆசைதான். நீளமான பானெட், அப்பா அம்மா கால் நீட்டி உட்காரும் பின் இருக்கை, நான்கு பெட்டிகளை விழுங்கும் பூட், கல்யாண வாசலில் போய் நின்றால் காவலாளி தானாகவே வழிவிடும் தோரணை.

இந்த ஆசையைக் கிள்ளான் பள்ளத்தாக்கில் நிறைவேற்ற முடியுமா, எந்தக் காரால் முடியும், என்ன செலவாகும் என்பதுதான் கேள்வி. விற்பனையாளர்கள் இதற்குத் தரும் பதில் எப்போதும் ஒன்றே: “முடியும்.” நாம் கொஞ்சம் மெதுவாகப் பார்ப்போம்.

அசல் எப்படி இருந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். கிரவுன் விக்டோரியா, மெர்குரி கிராண்ட் மார்க்கி, லிங்கன் டவுன் கார் மூன்றும் ஒரே அடித்தளத்தில் உருவானவை. லாரிக்கு இருப்பதுபோல் தனியாக ஒரு இரும்புச் சட்டம், அதன் மேல் ஏற்றிய உடல், பின் சக்கர இயக்கம், முன்னால் 4.6 லிட்டர் வி8 எஞ்சின். நீளம் 5.3 மீட்டருக்கும் மேல், அகலம் ஏறக்குறைய இரண்டு மீட்டர். பூட் மட்டும் 580 லிட்டர். முன்னால் பெஞ்ச் இருக்கை போட்டால் ஆறு பேர் உட்காரலாம். போலீஸ்காரர்களும் டாக்சிக்காரர்களும் இதை விரும்பியதற்குக் காரணம் வேகம் இல்லை. நடைபாதைக் கல்லில் ஏறி இறங்கினாலும் தாங்கும், உடைந்தால் எந்தப் பட்டறையிலும் மலிவாகச் சரிசெய்யலாம், உள்ளே மெத்தையில் மிதப்பதுபோல் இருக்கும். இந்த மூன்று குணங்களையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: தாங்கும் உடல், மலிவான பழுது, மெத்தென்ற ஓட்டம். கோலாலம்பூரில் கிடைக்கும் எந்தப் பெரிய காரையும் இவற்றை வைத்துத்தான் எடைபோட வேண்டும். ஆசைப்படுபவர்கள் பெரும்பாலும் பார்ப்பதோ நான்காவது ஒன்றை, அதாவது தோரணையை.

அந்த அசல் காரே இங்கே வருமா? வராது. அந்த மூன்று கார்களும் இடப்பக்க ஸ்டியரிங். நம் நாட்டில் தூதரகம் போன்ற விதிவிலக்குகள் தவிர இடப்பக்க ஸ்டியரிங் காரைச் சாதாரண மனிதர் பதிவு செய்ய ஜேபிஜே அனுமதிப்பதில்லை. ஏதோ ஒரு வழியில் வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அடுத்து சாலை வரி நிற்கிறது. இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் நினைவில் வைப்பதாக இருந்தால் இதை வையுங்கள்.

தீபகற்ப மலேசியாவில் தனியார் செடான் காருக்குச் சாலை வரி எஞ்சின் கொள்ளளவை வைத்துக் கணக்கிடப்படுகிறது. அந்தக் கணக்கு நேர்க்கோட்டில் ஏறாது, மலை மாதிரி ஏறும். 1,600 சிசி வரை வருடத்துக்கு அதிகபட்சம் 90 வெள்ளிதான். 1,800க்கு மேல் 2,000 சிசி வரை 280 வெள்ளியோடு, 1,800ஐத் தாண்டும் ஒவ்வொரு சிசிக்கும் 50 சென். 2,000ஐத் தாண்டினால் 380 வெள்ளியும் ஒவ்வொரு சிசிக்கும் ஒரு வெள்ளியும். 2,500ஐத் தாண்டினால் 880 வெள்ளியும் சிசிக்கு இரண்டரை வெள்ளியும். 3,000ஐத் தாண்டிவிட்டால் 2,130 வெள்ளியில் தொடங்கி ஒவ்வொரு சிசிக்கும் நாலரை வெள்ளி. இப்போது கிரவுன் விக்டோரியாவின் 4,601 சிசியைப் போட்டுப் பாருங்கள்: 9,334 வெள்ளி 50 சென். ஒரே வருடத்துக்கு. கிரைஸ்லர் 300சியின் 5.7 லிட்டர் வி8 என்றால் 14,073 வெள்ளி. இரண்டு வருட வரியைக் கூட்டினால் ஓடக்கூடிய ஒரு பழைய மைவியே வாங்கிவிடலாம்.

இந்தப் பட்டியலை உற்றுப் பார்த்தால் மலேசியச் சாலைகளில் நாம் காணும் பெரிய கார்களின் வரலாறே புரியும். புரோட்டோன் பெர்டானாவில் ஏன் இரண்டே லிட்டரில் ஆறு சிலிண்டர்? வால்வோவிலும் பென்சிலும் ஏன் எப்போதும் இரண்டு லிட்டர் மாடல்களே கண்ணில் படுகின்றன? 1,998 சிசி எஞ்சினுக்கு வரி 379 வெள்ளி. அந்தக் கோட்டைத் தாண்ட எந்த வாங்குபவரும் விரும்பவில்லை. 2020இல் இங்கே வந்த ஹோண்டா அக்கார்டு ஏறக்குறைய 4.9 மீட்டர் நீளமுள்ள கார். அதன் எஞ்சின் 1.5 லிட்டர் டர்போ, இருநூறு குதிரை சக்தி. வரி, 1.5 லிட்டர் மைவிக்குக் கட்டும் அதே 90 வெள்ளி. அமெரிக்கர்கள் பெரிய உடலுக்குப் பெரிய எஞ்சின் என்று நினைத்தார்கள். இங்கே பெரிய உடலுக்குள் சின்ன எஞ்சினை ஒளித்துவைக்க வேண்டியிருந்தது.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. செடானுக்கு ஒரு பட்டியல், செடான் அல்லாத எம்பிவி, எஸ்யுவி வகைகளுக்கு வேறு பட்டியல். 3.5 லிட்டர் அக்கார்டு வி6க்கு வரி 4,249 வெள்ளி 50 சென். அதே 3.5 லிட்டர் அளவில் எஞ்சின் போட்ட டொயோட்டா ஆல்பார்டுக்கு ஏறக்குறைய 2,370 வெள்ளிதான். டத்தோக்களும் டத்தோஸ்ரீக்களும் செடானை விட்டு ஆல்பார்டுக்கும் வெல்ஃபயருக்கும் மாறியதற்குத் தானாகத் திறக்கும் கதவு மட்டும் காரணமாகாது. அரசாங்கமே பெரிய செடானின் எதிர்ப்பக்கத்தில் எடையைப் போட்டிருக்கிறது. பத்துமலைக்குத் தைப்பூசத்துக்குப் போகும் கூட்டத்தில் பெரிய குடும்பங்கள் எதில் வந்து இறங்குகின்றன என்று பாருங்கள். இன்னோவா, எக்ஸோரா, அல்சா. வீட்டில் ஆறு பேருக்கு மேல் இருந்தால் இந்தக் கட்டுரையை இங்கேயே மடித்துவைத்துவிட்டு அவற்றில் ஒன்றைப் பார்க்கலாம். அமெரிக்க செடான் ஆறு பேரை ஏற்றியதற்குக் காரணமான பெஞ்ச் இருக்கை நமக்குக் கிடைக்கும் எந்த செடானிலும் கிடையாது.

மீதி இருப்பவர்களுக்கு, இங்கே உண்மையில் என்ன இருக்கிறது?

அமெரிக்கச் சின்னம் வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர்களுக்கு வழி குறுகல். செவர்லே பெயரில் இங்கே விற்ற செடான்கள் பெரும்பாலும் கொரியாவின் டேவூ வழி வந்தவை. அளவிலும் குணத்திலும் இம்பாலாவோடு சம்பந்தம் இல்லாதவை. கிரைஸ்லர் 300சி வலப்பக்க ஸ்டியரிங்கோடு ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் தயாரானது, அப்படிப்பட்ட கார்கள் சில இங்கேயும் பதிவாகியிருக்கின்றன. தோரணைக்குக் குறையே இல்லை. பென்ஸ் வழி வந்த ஐந்து கியர் பெட்டியும் பின் சஸ்பென்ஷனும் இருப்பதால் பென்ஸ் பட்டறைக்காரர்களுக்கு அதன் உள்ளுறுப்புகள் முற்றிலும் அந்நியமில்லை. ஆனால் 3.5 லிட்டர் மாடலுக்கே வருட வரி 4,461 வெள்ளி. விளக்கோ கண்ணாடியோ உடைந்தால் வெளிநாட்டிலிருந்து வரவழைத்துக் காத்திருக்க வேண்டும். கல்யாணத்துக்கு வாடகைக்கு விடும் தொழில் செய்பவருக்கு இது கணக்கில் வரலாம். வாரத்தில் ஐந்து நாள் ஃபெடரல் நெடுஞ்சாலையில் நிற்பவருக்கு வராது.

ஃபோர்டு மொண்டேயோவை இந்தப் பட்டியலில் மறந்துவிடுகிறார்கள். சைம் டார்பி விற்றது. இரண்டு லிட்டர் ஈகோபூஸ்ட் டர்போ எஞ்சின் என்பதால் வரி நானூறு வெள்ளிக்குள் முடியும், இழுவையோ தாராளம், நெடுஞ்சாலையில் கனமாகவும் அமைதியாகவும் ஓடும். 2015 முதல் வந்த மாடல் அமெரிக்காவில் ஃப்யூஷன் என்ற பெயரில் ஓடிய அதே கார், அதில் வழக்கமான ஆறு கியர் ஆட்டோமேட்டிக். அதற்கு முந்தைய ஈகோபூஸ்டில் இருப்பது பவர்ஷிஃப்ட் என்ற இரட்டைக் கிளட்ச் கியர் பெட்டி. அதைப் பிரிக்கத் தெரிந்த பொமனை உங்களுக்கு முன்கூட்டியே தெரியாவிட்டால் தொடாதீர்கள். மொண்டேயோவின் உண்மையான குறை வேறு. சந்தையில் எண்ணிக்கை குறைவு. ஆகவே பழைய சாமான் கிடைப்பதும் குறைவு, திரும்ப விற்கும்போது ஆளும் குறைவு.

பழைய பென்ஸ், வால்வோ பற்றி ஒரு பத்தியோடு முடித்துக்கொள்கிறேன், அவற்றுக்கென்றே தனி பக்தர்கள் இருப்பதால். டபிள்யூ123, டபிள்யூ124 பென்ஸ்கள் தாங்கும் உடலுக்கும் மெத்தென்ற ஓட்டத்துக்கும் அமெரிக்க செடானின் உண்மையான உறவுக்காரர்கள். பழுதைக் கற்றுத் தேர்ந்த பட்டறைகள் பள்ளத்தாக்கு முழுக்க இருக்கின்றன. 1990களின் நடுவில் வந்த சில டபிள்யூ124 எஞ்சின்களில் வயரிங்கின் மேலுறை வெப்பத்தில் உதிர்ந்துபோகும், அதை மாற்றியாயிற்றா என்று கேட்காமல் முன்பணம் கொடுக்கக் கூடாது. வால்வோ என்றால் ஷா ஆலாமில் 1960களிலிருந்தே பொருத்தப்பட்ட கார், நம் சாலைக்குப் பழகியது. இரண்டுமே ஆசைக்கான கார்கள். வங்கிக் கடன் கிடைக்காது, காசாகக் கொடுக்க வேண்டும், வீட்டில் இன்னொரு கார் இருக்க வேண்டும்.

இப்போது பெர்டானாவுக்கு வருவோம். மலேசியாவில் ‘பெரிய செடான்’ என்ற சொல்லுக்கு நெடுங்காலம் ஒரே முகம் இதுதான். 1995இல் மிட்சுபிஷி எட்டெர்னாவை அடிப்படையாகக் கொண்டு வந்தது. அந்தப் பத்தாண்டின் கடைசியில் இரண்டு லிட்டர், 24 வால்வு வி6 எஞ்சின் ஏறியது. அமைச்சர்கள், தலைமைச் செயலாளர்கள், இலாகா இயக்குநர்கள் என்று அரசாங்கத்தின் மேல்தட்டு முழுக்க இதில்தான் ஓடியது. 2010 வரை தயாரானது. இன்றும் பிரிக்பீல்ட்ஸ் சந்துகளிலும் கிள்ளான் தாமான்களிலும் மினுக்கிவைத்த வி6 ஒன்றிரண்டு கண்ணில் படும்.

பெயரிலும் பதவியிலும் பெரிய கார். அளவில் அப்படி இல்லை. 4.7 மீட்டர்கூட நீளமில்லாத இதை அமெரிக்கர்கள் நடுத்தர வகுப்பில் சேர்ப்பதற்கே யோசிப்பார்கள். முன்னும் பின்னும் பல கைகள் கொண்ட மல்டிலிங்க் சஸ்பென்ஷன். புதிதாக இருக்கும்போது அருமையான ஓட்டம், புஷ் எல்லாம் தேய்ந்தால் ஒவ்வொரு கையாக மாற்றி மாளாது. வி6 எஞ்சின் குறுக்காக உட்கார்ந்திருப்பதால் பின்வரிசை ஸ்பார்க் பிளக்கை எடுக்கவே மேலே இருக்கும் இன்டேக்கைக் கழற்ற வேண்டும். டைமிங் பெல்ட்டை நேரத்துக்கு மாற்றாவிட்டால் எஞ்சின் போச்சு. கியர் பெட்டியின் சோலினாய்டுகள் பெயர்பெற்றவை, நல்ல பெயர் இல்லை. பவர் விண்டோ பற்றி மலேசியர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இந்தப் பழுதுச் செலவு ஒருமுறை அரசியலாகவே ஆனது. 2008 ஜூலையில் திரங்கானு மாநில அரசு, பெர்டானா வி6 கார்களைப் பராமரிக்கும் செலவு தாங்கவில்லை என்று காரணம் சொல்லி, 14 மெர்சிடிஸ் இ200 கொம்ப்ரெசர் கார்களை ஏறக்குறைய 34 லட்சம் வெள்ளிக்கு வாங்கியது. மந்திரி புசார் அகமது சைட் அன்று வாங்கிக் கட்டிக்கொண்டது கொஞ்சநஞ்சமில்லை. தேசிய காரை விட்டு பென்ஸா என்று நாடே கேட்டது. எனக்கு அந்தச் செய்தியில் சுவையாகப் படுவது வேறு. ஒரு மாநில அரசாங்கம், தனக்கென்று பட்டறையும் ஓட்டுநர்களும் பட்ஜெட்டும் வைத்துக்கொண்டு, ‘கட்டுப்படியாகவில்லை’ என்று சொன்ன காரை, இன்று அதன் இருபது வயதில், சம்பளம் வாங்கும் ஒருவர் எட்டாயிரம் பத்தாயிரம் கொடுத்து வாங்கி அதே பணத்தை மறுபடியும் பட்டறையில் கொட்டுகிறார். காதல் இருந்தால் செய்யலாம், காதலுக்குக் கணக்கு கேட்க முடியாது. கிள்ளானைச் சுற்றியுள்ள ஹாஃப்கட் கடைகளில் ஜப்பானிலிருந்து வரும் பழைய மிட்சுபிஷி சாமான்கள் வருடத்துக்கு வருடம் குறைந்துகொண்டே போகின்றன என்பதை மட்டும் மறந்துவிடக் கூடாது.

இதே பெயரில் வந்த இரண்டாவது கார்தான் என் கருத்தில் இந்தக் கேள்விக்குச் சரியான பதில். அதை யாரும் சரியாகக் கவனிக்கவில்லை.

2012இல் புரோட்டோனும் ஹோண்டாவும் கைகோத்தன. அதன் பயனாக எட்டாம் தலைமுறை ஹோண்டா அக்கார்டின் உடலை எடுத்து முகத்தையும் வாலையும் மாற்றி, 2013 டிசம்பரில் அரசாங்கத்துக்குப் புதிய பெர்டானா ஒப்படைக்கப்பட்டது. பொதுமக்களுக்கு 2016 ஜூனில் விற்பனைக்கு வந்தது. இரண்டு லிட்டர் 113,888 வெள்ளி, 2.4 லிட்டர் 138,888 வெள்ளி. எஞ்சினும் ஹோண்டா, ஐந்து கியர் ஆட்டோமேட்டிக்கும் ஹோண்டா. விற்பனை சுகப்படவில்லை. அந்த நேரத்தில் ஹோண்டா கடையிலேயே அடுத்த தலைமுறை அக்கார்டு நின்றுகொண்டிருந்தது. பழைய உடலுக்கு லட்சத்துக்கு மேல் யார் கொடுப்பார்கள்? சில வருடங்களில் சத்தமில்லாமல் நின்றுபோனது.

அந்த எட்டாம் தலைமுறை அக்கார்டு யாருக்காக வடிவமைக்கப்பட்ட கார் என்பதுதான் விஷயம். அது ஒஹாயோ மாநிலத்தின் மேரிஸ்வில் ஆலையில் அமெரிக்கக் குடும்பங்களுக்காகத் தயாரான உடல். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை கார்களை வெளி நீளத்தை வைத்து வகைப்படுத்துவதில்லை. பயணிகள் இடத்தையும் பூட்டையும் கூட்டி 120 கன அடி வந்தால் ‘பெரிய கார்’. 2008இல் வந்த அக்கார்டு செடான் அந்தக் கோட்டைத் தொட்டு, அமெரிக்க அரசின் கணக்குப்படியே பெரிய கார் வகுப்பில் உட்கார்ந்தது. அப்படியானால் புரோட்டோன் புலிச் சின்னம் ஒட்டிய அந்தப் பெர்டானாவுக்குள் இருப்பது ஒரு அமெரிக்கப் பெரிய செடான்தான். சட்டமும் வி8உம் கிடையாது, முன் சக்கர இயக்கம், பெஞ்ச் இருக்கையும் இல்லை. ஆனால் அந்த ஐந்து மீட்டர் உடலும், பின் இருக்கையில் வேட்டி கசங்காமல் உட்காரும் இடமும், பின்னால் இருப்பவர்களுக்குத் தனி ஏசி வாய்களும், குழியை விழுங்கும் நீண்ட சக்கர இடைவெளியும் இருக்கின்றன. இன்று பழைய கார் சந்தையில் அது ஒரு புது மைவி வாங்கும் பணத்துக்குள் கிடைக்கிறது. புலிச் சின்னத்தைக் கண்டு சந்தை முகம் சுளிப்பதால் ஹோண்டாவை ஹோண்டா விலைக்குக் கீழே வாங்கலாம். தோரணை வேண்டும் என்பவர்களுக்கு இது கசக்கும் என்பது தெரியும். நம்பர் பிளேட்டுக்கு மட்டும் ஆயிரக்கணக்கில் கொடுத்துவிட்டு டைமிங் பெல்ட்டுக்குப் பேரம் பேசும் மனிதர்களை நம் ஊரில் நிறையப் பார்க்கலாம். அவர்களுக்காக இதை எழுதவில்லை.

அதே உடலின் ஹோண்டா வடிவமும் வாங்கலாம்தான், கொஞ்சம் கூடுதல் விலைக்கு. டொயோட்டா கேம்ரியை ஏன் முதலில் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். கேம்ரி நம்பகமான கார், மறுவிற்பனையில் ராஜா. அதனாலேயே பழைய கேம்ரியின் விலையில் அந்த நம்பிக்கைக்கான பணத்தை விற்பவர் முன்கூட்டியே வசூலித்துவிடுகிறார். நிசான் தியானா இருக்கைகளின் சொகுசில் இவர்கள் எல்லோரையும் மிஞ்சும். ஆனால் அதில் பலவற்றுக்கு சிவிடி கியர் பெட்டி, அது போனால் பெரிய பில்.

பெர்டானாவில் எதைப் பார்க்க வேண்டும்? எஞ்சின்கள் இரண்டிலும் டைமிங் பெல்ட் கிடையாது, செயின். அந்தக் கவலை விட்டது. 2.4 எஞ்சினைக் காலையில் முதல்முறை கிளப்பும்போது ஒரு நொடி ‘கர்ர்’ என்று சத்தம் வந்தால் அது கேம்ஷாஃப்டில் உள்ள விடிசி ஆக்சுவேட்டர். கார் அதோடு ஓடும், விலையில் குறைக்கச் சொல்லலாம். அதனால்தான் விற்பவர் ஏற்கெனவே சூடாக்கி வைத்திருக்கும் காரை நம்பக் கூடாது. போனவுடன் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். எண்ணெய் குடிக்கும் பழக்கம் இந்த எஞ்சின்களில் சிலவற்றுக்கு உண்டு, டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்ப்பதற்கு யாரிடமும் அனுமதி தேவையில்லை. முன் சக்கரங்களைத் தாங்கும் கையிலுள்ள பெரிய புஷ் கிழிந்திருந்தால் பிரேக் போடும்போது ஸ்டியரிங் ஆடும். கியர் பெட்டிக்கு ஹோண்டாவின் சொந்த எண்ணெய்தான் ஊற்ற வேண்டும். “அண்ணே, கியர் எண்ணெய் கடைசியா எப்ப மாத்துனீங்க, எந்த பிராண்டு?” என்று கேளுங்கள். பதில் யோசித்து வந்தால், மாற்றவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

இலாகா ஏலத்திலிருந்து வந்த கார்களுக்கு ஒரு தனிக் குணம். ஓடிய தூரம் அதிகம், ஆனால் சர்வீஸ் காகிதம் ஒழுங்காக இருக்கும். ஓட்டுநர் வெளியே காத்திருக்க ஏசி மணிக்கணக்கில் ஓடியிருக்கும், அதனால் கம்ப்ரெசரையும் கூலிங் ஃபேனையும் கவனிக்க வேண்டும். விளம்பரத்தில் ‘டத்தோ ஓனர்’ என்று போட்டிருந்தால் அது கருப்புக் கார் என்பதைத் தவிர வேறெதையும் நிரூபிக்காது. கருப்புக் காருக்கு இருட்டு டின்டும் சேர்ந்தே வரும். முன் கண்ணாடியில் 70 விழுக்காடும் முன் பக்கக் கண்ணாடிகளில் 50 விழுக்காடும் வெளிச்சம் கடக்க வேண்டும். பெயர் மாற்றத்துக்கான புஸ்பாகோம் சோதனையில் அது தோற்றால் கிழித்து எடுக்கும் செலவு யாருடையது என்பதை முதலிலேயே பேசிவிடுங்கள்.

ஏர்பேக் விஷயத்தில் விளையாடக் கூடாது. டகாட்டா ஏர்பேக் வெடித்து உலோகத் துண்டுகள் பாய்ந்து மலேசியாவிலும் உயிர்கள் போயிருக்கின்றன. இந்தக் காலத்து ஹோண்டாக்கள் பல அந்தத் திரும்ப அழைப்பில் இருந்தவை. சேஸிஸ் எண்ணைக் கொடுத்து நிறுவனத்தின் சர்வீஸ் மையத்தில் கேட்டுத் தெரிந்துகொள்வதற்கு ஒரு காசு செலவில்லை.

இவை எல்லாவற்றையும்விட இந்தப் பள்ளத்தாக்கில் பழைய கார் வாங்குபவர் அஞ்ச வேண்டியது வெள்ளத்துக்கு. 2021 டிசம்பர் 18 அன்று ஷா ஆலாமின் தாமான் ஸ்ரீ மூடாவில் கூரை மட்டும் தெரியும்படி மூழ்கிய கார் வரிசைகளைப் படத்தில் பார்க்காதவர் இல்லை. கிள்ளானிலும் உலு லங்காட்டிலும் அதே கதை. அந்தக் கார்களில் பல கழுவி, காயவைத்து, வாசனை அடித்து எங்கேயோ ஓடிக்கொண்டிருக்கின்றன. பெரிய செடானில் ஆபத்து கூடுதல், ஏனென்றால் இருக்கை மோட்டார், ஏர்பேக் கட்டுப்பாட்டுப் பெட்டி, வயர்க் கட்டுகள் எல்லாம் கம்பளத்துக்கு அடியில்தான் ஓடுகின்றன. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள், சேற்றுக் கோடு அங்கேதான் தங்கும். ஸ்பேர் டயரைத் தூக்கி அதன் குழியைத் தடவுங்கள். இருக்கைத் தண்டவாளத்தின் போல்ட்டில் துருவா, பின் விளக்குக்குள் பனி மூட்டமா, பாருங்கள். இருக்கைக் கவர் மட்டும் புத்தம் புதிதாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள். நாமும் அதே தாமானில்தான் குடியிருக்கிறோம் என்றால் காப்புறுதி எடுக்கும்போது வெள்ளத்துக்கான ‘ஸ்பெஷல் பெரில்ஸ்’ சேர்க்க வேண்டும், சாதாரண முழுக் காப்புறுதியில் அது அடங்காது.

இடப் பிரச்சினை உண்மையானது. நம் பேரங்காடிகளின் வண்டி நிறுத்தக் கட்டங்கள் பொதுவாக ஐந்து மீட்டரை ஒட்டிய நீளம். கிரவுன் விக்டோரியா மூக்கை நீட்டிக்கொண்டு நிற்கும், பெர்டானா மட்டுமட்டாக அடங்கும். கேஎல் சென்ட்ரலின் வளைந்து ஏறும் பாதைகளில் கவனம் வேண்டும். தீபாவளிக்கு முந்தைய வாரத்தில் கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவுக்கோ, வெள்ளிக்கிழமை மாலை ஜாலான் ஸ்காட் கந்தசாமி கோயிலுக்கோ இந்தக் காரில் போகிறவர் தூரத்தில் நிறுத்தி நடக்கத் தயாராக இருக்க வேண்டும். தாமான் வீட்டு முற்றத்தை அளந்து பார்க்காமல் வாங்கிவிட்டு, கேட்டை மூட முடியாமல் தவிப்பவர்களும் உண்டு.

பெட்ரோல் பலரும் நினைக்கும் அளவுக்குத் தடை இல்லை. 2025 செப்டம்பர் 30 முதல் நடைமுறைக்கு வந்த புடி95 திட்டம், குடிமக்களுக்கு ரோன்95 லிட்டர் 1.99 வெள்ளி, மாதம் 300 லிட்டர் என்று தொடங்கியது. நெரிசலில் நூறு கிலோமீட்டருக்கு 13 லிட்டர் குடித்தாலும் 300 லிட்டரில் 2,300 கிலோமீட்டர் ஓடலாம். கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்குத் தினமும் போய்வருபவருக்கு அது தாராளம். ஹோண்டா எஞ்சினுக்கு ரோன்95 போதும், ரோன்97 ஊற்றினால் மனத்துக்குத்தான் நல்லது.

கடன் கேட்டால் வங்கி காரின் வயதைத்தான் முதலில் பார்க்கும். காருக்கு வயது ஏற ஏறத் தவணைக் காலம் சுருங்கும், வட்டி கூடும். ஒன்பது வருடத் தவணையைக் கனவில் வைத்துக்கொண்டு பழைய பெரிய காருக்குப் போகக் கூடாது. மூன்று நான்கு வருடத்தில் முடிக்க முடிந்தால் மட்டும் வாங்கலாம். வாங்கும் விலைக்கு மேல், முதல் ஆறு மாதத்தில் புஷ், எண்ணெய், டயர், பேட்டரி என்று நாலைந்தாயிரம் வெள்ளி தனியே எடுத்துவைத்திருக்க வேண்டும். புதிதாகவே பெரிய செடான் வேண்டும் என்பவர்கள் பிஒய்டி சீல் மாதிரியான மின்சாரக் கார்களைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். 2026 முதல் அவற்றுக்குக் கிலோவாட் கணக்கில் வேறு வரி. சிசி என்ற பழைய அரக்கன் அங்கே இல்லை. அடுத்த தலைமுறை பெரிய கார் அந்த வழியாகத்தான் வரும் என்று எனக்குத் தோன்றுகிறது. பத்து வருடம் கழித்து அவற்றின் பேட்டரியோடு அவை பழைய கார் சந்தைக்கு வரும்போது பேசிக்கொள்ளலாம்.

இரண்டு லிட்டரா 2.4ஆ என்பது மட்டும் மீதி. பெரும்பாலோர் வரிக்குப் பயந்து இரண்டு லிட்டரை எடுக்கிறார்கள். ஒன்றரை டன் உடலை, ஐந்து பேரோடும் பெட்டிகளோடும், காராக் நெடுஞ்சாலையின் ஏற்றத்தில் அந்த எஞ்சின் இழுக்கும்போது சத்தம்தான் முதலில் வரும், வேகம் பின்னால் வரும். இரண்டு லிட்டருக்கு வரி 378 வெள்ளி 50 சென், 2.4க்கு 734 வெள்ளி. வித்தியாசம் மாதத்துக்கு முப்பது வெள்ளிகூட இல்லை. பழைய கார் சந்தையில் 2.4ஐ மற்றவர்கள் தவிர்ப்பதால் விலையிலும் பெரிய இடைவெளி இருக்காது. நான் 2.4ஐத்தான் தேடுவேன், தனியார் பெயரில் இருந்த ஒன்றை, சர்வீஸ் புத்தகத்தோடு, கருப்பு அல்லாத நிறத்தில்.